பதினெட்டு வீட்டுக்கு ஒரு கை

நம்பலேன்னா போ, ஒன்னய யாரு கட்டிப்போட்டு வச்சிருக்கா? ஆனா போறதுக்கு முன்னால டெய்லர் முத்தையா வீட்டுல கல்யாண ஆல்பம் கெடக்கும், அதக் கேட்டு வாங்கிப் பாத்துட்டுப் போ. நாயனக்காரன் கன்னம் ரெண்டும் பூரி மாதிரி உப்பியிருக்கும், பொண்ணு தலையக் குனிஞ்சு உக்காந்திருப்பா, அய்யரு தாலிய நீட்டிக்கிட்டே இருப்பாரு, மாப்பிள்ளை முத்தையா மட்டும் தாலிய வாங்காம, மாமனாரு தோள்ல கெடக்குற பட்டு நேரியல்ல ரெண்டு கையையும் தேய் தேய்னு தேச்சுக்கிட்டு இருப்பான். வேர்வைங்கே. சரி, வேர்வைன்னே வச்சுக்கோ. வேர்வையத் தொடச்ச கைய எவனாவது மோந்து பாப்பானா? அடுத்த போட்டோவுல மோந்து பாக்கான், போய்ப் பாரு.

அன்னைக்குக் காலைல ஒம்பதே முக்காலுக்கு, நம்ம வளவு முகப்புல இருக்கிற பால்வாடியில, மாரித்தங்கம் மக ஆவுடை, மூணு வயசுப் பிள்ள, கொளத்துக் களிமண்ணுக்குள்ள ரெண்டு கையையும் மணிக்கட்டு வரைக்கும் விட்டு அளைஞ்சுக்கிட்டு இருந்தா. அந்தக் களிமண்ணுதான் ஆறு மைல் தள்ளி மண்டபத்துல மாப்பிள்ளை கையில பிசுபிசுத்துச்சு. அம்புட்டுதான் விசயம். இதுல நம்புறதுக்கும் நம்பாததுக்கும் என்ன இருக்கு?

நீ இந்த ஊருக்குப் புதுசு, அதனால மொதல்லருந்து சொல்லுதேன். வளவுன்னா உங்க ஊருல காம்பவுண்டும்பாங்க. பெரிய வாசல் ஒண்ணு, உள்ள நொழஞ்சா பீச்சாங்கைப் பக்கம் ஒம்பது வீடு, சோத்தாங்கைப் பக்கம் ஒம்பது வீடு, நடுவுல அடிபம்பு. ஒரு வீட்டுல மொளகா வறுத்தா பதினெட்டு வீட்டுலயும் தும்முவாவ. ஒரு வீட்டுல புருசன் பொண்டாட்டி சண்டைன்னா மத்த பதினேழு வீட்டுலயும் டிவிய அமத்திருவாவ. வாசல ஒட்டுன முகப்பு ரூமுலதான் பால்வாடி. அந்த ரூமுல முன்னால ஒரு கிளி ஜோசியரு இருந்தாரு, வாரவுகளுக்கெல்லாம் எடமாத்தம் இருக்கு எடமாத்தம் இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, ஒரு நா சொல்லாமக் கொள்ளாம அவரே எடம் மாறிட்டாரு. அவரு விட்டுட்டுப் போன கிளிக்கூண்டுலதான் ஜெபக்கனி டீச்சர் சாக்பீசு வச்சிருக்கா. கிளி என்னாச்சுன்னு கேக்காதே, அது வேற கதை, அதுல போலீசெல்லாம் வருது. சவத்த விடு.

மாரித்தங்கத்துக்குப் பீடி சுத்துற வேல. மடியில சொளகு, சொளகுல எலையும் பொயலத்தூளும். அவ எல எடுக்கறதும் தூளு வைக்கறதும் சுருட்டறதும் தலைய மடக்கறதும் நூலு சுத்தறதும் தனித்தனியாத் தெரியாது, நீ கண்ணச் சிமிட்டிட்டுப் பாத்தா அது பீடியாக் கெடக்கும். ஒரு தடவ தூக்கத்துல, பக்கத்துல படுத்திருந்த நாத்தனாளோட சேலத் தலைப்பச் சுருட்டி தலைய மடக்கி நூலு கட்டிட்டா. நாத்தனா காலைல எந்திரிச்சுப் பாத்துட்டுக் கோவிச்சுக்கிட்டுப் போனவதான், சமாதானம் ஆக மூணு தீவாளி ஆச்சு. அப்படிப்பட்ட வெரலுக்காரிக்கு ஏழாம் மாசத்துலயே பொறந்துச்சு ஆவுடை. பிள்ள முழுசாத்தான் இருந்துச்சு, கண்ணு ரெண்டும் கருகமணி மாதிரி உருளும், ஆனா வெரலு பத்தும் அவிச்ச கீரத்தண்டு மாதிரி தொங்கும். அதோட அப்பன் சங்கரபாண்டி கொல்லத்துல ஒரு ஓட்டல்ல புரோட்டா மாஸ்டர், ஆறு மாசத்துக்கு ஒருக்க வருவான், வந்தா நாலு நாளைக்குத் தூங்குவான்.

இதுல மாரித்தங்கம் செஞ்ச கூத்தச் சொல்லணும். பீடி சுத்துற வீடா, தரையில தூளு, பாயில தூளு, கதவிடுக்குல தூளு. பிள்ள தரையத் தொட்டுட்டு அந்தக் கைய வாயில வச்சுட்டா? அந்தப் பயத்துல ஆவுடையோட ரெண்டு கையிலயும் வெள்ளச் சாக்ஸ மாட்டி, மணிக்கட்டுல பீடி நூலாலயே சுத்திக் கட்டிட்டா. இறுக்கமாவும் இல்ல, லூசாவும் இல்ல, அவுரவே அவுராது, கட்டுனவ கை அப்படி. குளிக்கும்போது மட்டும் கை ரெண்டும் வெளிய வந்து ஊரப் பாக்கும், பவுடரு போட்டதும் மறுபடியும் உள்ள போயிரும். மூணு வருசம். யாராவது கேட்டா, "எம்பிள்ள கை ரோசாப்பூ மாதிரி இருக்கும், பாக்கியளா?"ன்னு அவுத்துக் காட்டுவா. ரோசாப்பூதான். ரோசாப்பூவால ஒரு பூந்தியக் கூட எடுக்க முடியாதுல்லா?

மூணு வயசு முடிஞ்சும் பிள்ள தட்டு மேல கைய வச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கவும்தான் மாரித்தங்கம் பீடிச் சொளக எறக்கி வச்சா. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா. டாக்டரம்மா சாக்ஸ உருவிப் பாத்துட்டு, "இதுக்கு மருந்தும் இல்ல, மாத்திரையும் இல்லம்மா. வெளையாட விடுங்க. மண்ண அளையட்டும், மாவப் பெசையட்டும், புளியங்கொட்டை பெறக்கட்டும், காகிதத்தக் கிழிக்கட்டும், ஈரத்துணியப் பிழியட்டும். தொட்டாத்தான் கைக்கு அறிவு வரும். இப்பவே ஆரம்பிக்கலேன்னா ரொம்பச் செரமம்"னு சொல்லிட்டாவ. பஸ்ஸுல திரும்பி வரும்போது மாரித்தங்கத்துக்கு ஒரே நெனப்புதான். நான் இருக்கிற வரைக்கும் ஊட்டிருவேன். நான் போன பெறவு? சோத்த முன்னால வச்சுக்கிட்டே எம்பிள்ள பட்டினி கெடக்குமே? படிப்பும் வேண்டாம், பவுசும் வேண்டாம், ஒரு வாய்ச் சோறு தன் கையால எடுத்துத் திங்கணும், அவ்வளவுதான் அவ வேண்டுனது.

மறுநா காலைல ஜெபக்கனி டீச்சர் அந்தச் சாக்ஸு ரெண்டையும் உருவிக் குப்பைத்தொட்டியில போட்டா. அவ சாத்தான்குளத்துக்காரி, மைக்கு இல்லாமயே குரலு மாதா கோயில் வரைக்கும் போகும். "எக்கா, இன்னொரு தடவ இந்த மூட்டைய மாட்டுனியன்னா, நான் ஒங்க கையில மாட்டி விட்டுருவேன்"ன்னா. ஒரு பேசன் நெறைய நெல்லு உமியக் கொட்டி, ஆவுடையோட கைய எடுத்து அதுக்குள்ள விட்டா.

அப்ப மாரித்தங்கம் வீட்டு வாசல்ல சொளகோட இருந்தா. உள்ளங்கை குறுகுறுன்னுச்சு. எறும்புன்னு உதறுனா, எறும்பு இல்ல. கண்ணுக்குத் தெரியாத உமி, பத்து வெரலு நடுவுலயும் சரசரன்னு எறங்குது. நிமிந்து பாத்தா, எதுத்த வீட்டு பிச்சம்மா தோசக் கரண்டியப் போட்டுட்டுக் கையச் சொறியா, அதுக்கு அடுத்த வீட்டுல முத்தையா தையல் மிசின நிறுத்திட்டுச் சொறியான், அதுக்கு அடுத்த வீட்டுல சுடலைமுத்து அண்ணாச்சி, வளவுக்கே பெரிய மனுசன், தாலுகா ஆபீசுல முப்பத்தஞ்சு வருசம் சீல் குத்துன கை, அதப் பேப்பருக்குப் பின்னால மறைச்சு வச்சுக் கௌரவமாச் சொறியாவ, இப்படி இந்த வரிசை ஒம்பதும் அந்த வரிசை ஒம்பதும் சொறியோ சொறின்னு சொறிஞ்சுது.

எதனாலன்னு யாரும் பெருசா மண்டைய ஒடைக்கல. சுடலைமுத்து அண்ணாச்சிதான், "இது எர்த்துக் கோளாறு வே. பம்பு வழியா கரண்டு கசியுது"ன்னு சொல்லி, பதினெட்டு வீட்டுலயும் கையெழுத்து வாங்கி கரண்டாபீசுக்கு ஒரு மனு எழுதிப் போட்டாவ. லயன்மேன் வந்தான், டெஸ்டர வச்சு பம்பக் குத்துனான், செவத்தக் குத்துனான், பிச்சம்மா வீட்டு ஆட்டுக்குட்டியக் கூடக் குத்திப் பாத்தான். "அண்ணாச்சி, கரண்டு அடிச்சா உமி மாதிரி இருக்காது, இடி மாதிரி இருக்கும்"னு சொல்லிட்டு, காப்பியக் குடிச்சிட்டுப் போயிட்டான்.

கண்டுபிடிச்சது மாரித்தங்கம். மூணாம் நாளு பிள்ளையக் கூப்பிடப் போயி பால்வாடி வாசல்ல நின்னா. டீச்சர் ஆவுடை கையப் பானைத் தண்ணிக்குள்ள விட்டா, இவ கை சில்லுன்னுச்சு. எடுத்தா, காஞ்சுது. விட்டா, மறுபடி சில்லுன்னுச்சு. ஓஹோன்னா. வளவுக்குள்ள வந்து பம்படியில நின்னவுககிட்டச் சொன்னா. பிச்சம்மா தலையில அடிச்சுக்கிட்டு, "எட்டி, இத மொதல்லயே சொல்லப்படாதா? நான் சொறிசெரங்குன்னு நெனச்சு வேப்பெல அரச்சுப் போட்டு மூணு நாளா நாறிக்கிட்டு இருக்கேம்லா!"ன்னா. அவ்வளவுதான். அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்கல. சாயங்காலம் எல்லாரும் அவங்கவங்க வேலயப் பாக்கப் போயிட்டாவ.

கணக்கும் தெளிவாத்தான் இருந்துச்சு. இந்த வளவுல யாருக்கு ஒரு பாய் விரிக்க எடம் இருக்கோ அவங்க கைக்கெல்லாம் ஆவுடை கை தொடறது வந்துரும், அவங்க எங்க இருந்தாலும் சரி. நாலு நா கழிச்சு கொல்லத்துலருந்து சங்கரபாண்டி போன் பண்ணுதான். "ஏட்டி தங்கம், மாவுல கைய வச்சா மணலா நெரிபடுது. மொதலாளி பாத்துக்கிட்டே நிக்கான். எனக்கு நரம்புத் தளர்ச்சி வந்துட்டோ?" மாரித்தங்கம், "அது நரம்பு இல்ல, ஒம்ம மக. இன்னைக்கு மணலு. நாளைக்குப் பச்சரிசி மாவு, ஒமக்குச் சவுரியமா இருக்கும்"னா. அவன், "மணல இறுக்கிப் பிடிக்காளா, இல்ல சும்மா வச்சிருக்காளா?"ன்னு கேட்டான். "சும்மாத்தான் வச்சிருக்கா"ன்னா. "சரி"ன்னு வச்சுட்டான்.

கரண்டு போற நேரத்தப் பேப்பர்ல போடுதாவல்லா, அது மாதிரி பால்வாடி வாசல்ல ஒரு கரும்பலகைய மாட்டி டீச்சர் தெனமும் எழுதிப் போட்டா. பத்து மணி களிமண். பதினொண்ணு புளியங்கொட்டை. பதினொண்ணரை ஈரத்துணி. முத்தையா களிமண் நேரத்துல பட்டுத்துணியத் தொட மாட்டான். பிச்சம்மா புளியங்கொட்டை நேரத்துல மாவு அரைக்க மாட்டா. சுடலைமுத்து அண்ணாச்சி, "பத்தரைக்கு மேல வாங்க வே, இப்பக் களிமண்ணு"ன்னு வந்தவுகளத் திருப்பி அனுப்புவாவ, வந்தவுகளும் சரின்னு போயிட்டு பத்தரைக்கு வருவாவ.

முத்தையா கல்யாணத்தன்னைக்கு ஒம்பதரையிலருந்து பத்தரை வரைக்கும் பிள்ளையச் சும்மா வச்சிருக்கச் சொல்லி டீச்சர்கிட்ட முன்னாலயே சொல்லியாச்சு. டீச்சரும் சரின்னா. ஆவுடை சரின்னு சொல்லலியே! அதுவரைக்கும் கையப் பிடிச்சு விட்டாத்தான் தொடுவா. அன்னைக்கு அவளாத் தவழ்ந்து, மூடி வச்சிருந்த களிமண் சட்டி மூடியத் தலையால முட்டித் தள்ளிட்டு, தானா உள்ள கைய விட்டா. அங்க தாலிக்கு நேரமாகுது, இங்க பால்வாடி ஆயா டீச்சரப் பாக்கா. டீச்சர் அசையல. பெறவு முத்தையா ஆத்தா சண்டைக்கு வந்தப்ப, "ஒங்க மவனுக்குப் பத்து நிமிசம் லேட்டாக் கல்யாணம் ஆனா என்ன? இந்தப் பிள்ள தானா ஒண்ணத் தேடிப் போயித் தொட்டது இன்னைக்குத்தான் மொதத்தடவ"ன்னா. மாரித்தங்கம் மண்டபத்துல மொத வரிசையில உக்காந்திருந்தா. கையில களிமண்ணு நெரிபடவும், இது யாரும் பிடிச்சு விட்ட கை இல்லன்னு அவளுக்கு மட்டும் தெரிஞ்சு போச்சு. பொண்ணு அழ வேண்டிய நேரத்துல இவ அழுதா.

நாலு மாசத்துல பெருவெரலும் ஆள்காட்டி வெரலும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிடுச்சு. ஒரு நா பதினொண்ணு அஞ்சுக்கு வளவு பூரா ரெண்டு வெரலுக்கு நடுவுல ஒரு புளியங்கொட்டை வழவழன்னு நின்னுச்சு. நின்னு, நழுவி, விழுந்துச்சு. பதினெட்டு வீட்டுலயும், "அடடா"ன்னாவ.

எல்லாம் நல்லாப் போயிக்கிட்டு இருக்கும்போது ஜெபக்கனி டீச்சருக்குப் பேறுகாலம் வந்துச்சு. ஆறு மாசம் சாத்தான்குளம் போயிட்டா. பால்வாடி ஆயா கையில. ஆயா நல்ல பொம்பள, ஆனா யாராவது வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து நின்னாலே சரிங்கய்யாம்பா.

சுடலைமுத்து அண்ணாச்சிக்கு வெரலு மூட்டெல்லாம் வாதம். ஒரு நா ஆவுடை கை வெதுவெதுன்னு இருந்த மணலுக்குள்ள போகவும் அவுகளுக்கு வலி பறந்து போச்சு. மறுநா அவுகளே ஒரு சட்டியில மணல வறுத்து எடுத்துட்டு வந்து, "ஆயா, பிள்ள கைய இதுல ஒரு அர மணி நேரம் வச்சிரு"ன்னாவ. சரிங்கய்யான்னுச்சு ஆயா. அதப் பாத்துட்டு பிச்சம்மா, கல்யாணத்துக்கு எடுத்த வெல்வெட்டு ஜாக்கெட்டக் கொண்டாந்தா. முத்தையா பொண்டாட்டி பூனக்குட்டியக் கொண்டாந்தா. சித்திரை வெயிலுக்கு ஐஸ்கட்டி சுத்துன துணி வந்துச்சு, மயிலெறகு வந்துச்சு, பட்டு வந்துச்சு, வெண்ண வந்துச்சு. களிமண்ணு போச்சு, கொட்டை போச்சு, உமி போச்சு. கரும்பலகையில இப்ப டீச்சர் எழுத்து இல்ல, அண்ணாச்சி எழுத்து: பத்து மணி வெல்வெட், பதினொண்ணு பூனை, மதியம் வெந்நீர். ஆவுடை எதையும் தேடிப் போக வேண்டாம், ஒண்ணையும் பிடிக்க வேண்டாம். யாராவது கையத் தூக்கி வைப்பாவ, தடவி விடுவாவ, எடுத்து அடுத்ததுல வைப்பாவ. பதினெட்டு வீடும் திண்டுல சாஞ்சு கண்ண மூடிக் கெடந்துச்சு.

மாரித்தங்கத்துக்குத் தெரியாதான்னு கேக்கே. தெரியும். ஆனா அவளுக்கும் கை இருக்குல்லா? பொயலத்தூளுல காஞ்சு வெடிச்ச கையில வெல்வெட்டு வந்து படுத்தா யாருக்குத்தான் வேண்டாம்னு சொல்ல மனசு வரும்? போதாக்கொறைக்கு, பிள்ளைக்குன்னு தெனம் ஒரு வீட்டுலருந்து சுண்டல், ஒரு வீட்டுலருந்து பணியாரம். பதினெட்டு வீடும் எம்பிள்ளையத் தாங்குதேன்னு அவளும் கண்ண மூடிக்கிட்டா.

அஞ்சாம் மாசம் ஒரு காலைல சுடலைமுத்து அண்ணாச்சிக்கு வேட்டி நிக்கல. கட்டுதாவ, அவுருது. கட்டுதாவ, அவுருது. பக்கத்து வீட்டுல முத்தையாவுக்கு ஊசியில நூலு நொழைய மாட்டேங்கு. பிச்சம்மா திருப்புன தோச அடுப்புக்குப் பின்னால போயி விழுது. மாரித்தங்கம் சுத்துன பீடியப் பாத்துட்டு கம்பெனி செக்கிங்காரன், "இது என்னம்மா பீடியா, சீப்பு முறுக்கா?"ன்னு தள்ளி வச்சுட்டான். கொல்லத்துல சங்கரபாண்டி வீசுன புரோட்டா மாவு கைக்குத் திரும்பி வராம, சாப்பிட்டுக்கிட்டு இருந்த ஒரு மலையாளத்துப் பெரியவரு தலையில முக்காடாப் போயி விழுந்துச்சு. ஆவுடை வெரலு மறுபடியும் அவிச்ச கீரத்தண்டா ஆகிப்போச்சு. அதுவரைக்கும் தொடறது மட்டும் வந்த பதினெட்டு வீட்டுக்கும் இப்ப அந்தத் தொவளலும் சேந்து வந்து, எல்லா வெரலும் கீரத்தண்டு.

பால்காரன் மாடசாமிக்கு நம்ம வளவுல பாய் கெடையாது, அதனால அவன் வெரலு மட்டும் நல்லாருந்துச்சு. காலைல பாலு ஊத்தி முடிச்சதும் ஆம்பளைக எல்லாம் அவன் முன்னால வரிசையா நிப்பாவ, அவன் ஒவ்வொருத்தருக்கா கைலிய இறுக்கிக் கட்டி விடுவான், பத்து மணிக்கெல்லாம் அது மறுபடி நெகிழ்ந்துரும். பெறவு நாளெல்லாம் ரெண்டு முழங்கையாலயும் இடுப்ப அமுக்கிக்கிட்டே நடப்பாவ, தூரத்துலருந்து பாத்தா பெங்குவின் போற மாதிரி இருக்கும். அதுக்கும் பழகிட்டாவ. கைலிக்கு எலாஸ்டிக் வச்சுத் தரட்டுமான்னு கேட்டான் முத்தையா. ஊசியில நூலு கோக்க முடியாதவன்!

மாரித்தங்கத்துக்கு மட்டும் அது சிரிப்பா இல்ல. ஒரு மத்தியானம் பிள்ளைக்கு ரசஞ்சோத்தப் பெசஞ்சு, உருட்டி, வாய்கிட்டக் கொண்டு போறா, வெரலுக்கு நடுவுல சோறு ஒழுகித் தட்டுல விழுது. மறுபடி எடுத்தா, மறுபடி விழுது. ஆவுடை வாயத் தெறந்து வச்சுக்கிட்டே இருக்கா. இவ செத்த பெறவு வரும்னு பயந்த நாளு, இவ உசுரோட இருக்கும்போதே வந்து தட்டு முன்னால உக்காந்துட்டு. அன்னைக்கு எதுத்த வீட்டுலருந்து கரண்டிய வாங்கியாந்து, ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சு ஊட்டுனா. அதுலயும் பாதி பிள்ள காதுல.

சாயங்காலம் பம்படியில கூட்டம். கூட்டுனது அண்ணாச்சி. ரெண்டு முழங்கையையும் இடுப்புல அமுக்கிக்கிட்டு, வாயால மட்டும் பேசுனாவ. "இங்க பாருங்க வே, யாரு மேலயும் குத்தம் இல்ல. பிள்ள கை சொகத்தக் குடுத்துச்சு, அனுபவிச்சோம். இப்ப நோவக் குடுக்கு. அந்தச் சாக்ஸ மறுபடி மாட்டிருவோம். எதையும் தொடலேன்னா நமக்கு எதுவும் வராது, நம்ம கை நமக்குத் திரும்பிரும். மாரித்தங்கம், நீ என்ன சொல்லுதே?"

மாரித்தங்கம் பெரியவுக முன்னால வாயத் தெறந்து பேசுனவளே இல்ல. அன்னைக்கு எந்திரிச்சா.

"அண்ணாச்சி, சாக்ஸ மொதல்ல மாட்டுனவ நான்தான். அந்தப் பாவம் எனக்கு இருக்கட்டும். ஆனா ஒண்ணு கேக்கேன். எம்பிள்ள கைய நாலஞ்சு மாசமா ஒங்க வாதத்துக்கு ஒத்தடமாவும், பிச்சம்மா மைனிக்கு மெத்தையாவும் ஆக்கிட்டியளே, நானும் கூடத்தானே கண்ண மூடிக் கெடந்தேன். ஒரு நா கூட அந்தக் கையக் கையா இருக்க விட்டமா? அவளுக்குக் களிமண்ணு வேணும். ஒங்களுக்கு நாறும்னா நாறட்டும். கொட்டை வேணும். ஒங்களுக்கு உறுத்தும்னா உறுத்தட்டும். அவ வெரலு பிடிச்சாத்தான் இனி இந்த வளவுல யாரு வெரலும் பிடிக்கும். சாக்ஸுதான் வேணும்னா சொல்லுங்க, நான் பிள்ளையத் தூக்கிட்டுக் கொல்லத்துக்குப் போறேன். நீங்க மாடசாமியக் கட்டிக்கிட்டு அழுங்க."

பிச்சம்மா மொகத்த முந்தானையால மூடிக்கிட்டா. அண்ணாச்சிக்கு ரோசம் வந்துட்டு. "சட்டப்படி ஓட்டெடுப்போம். சாக்ஸு மாட்டணும்கிறவுக கையத் தூக்குங்க!"ன்னாவ.

எந்த ஆம்பளையாலயும் தூக்க முடியல. தூக்குனா கைலி நிக்காது. ஒருத்தர ஒருத்தர் பாக்காவ, இடுப்ப அமுக்குதாவ, நெளியுதாவ. பொம்பளைக யாரும் தூக்கல. தாலுகா ஆபீசு பழக்கம் இருக்குல்லா, அண்ணாச்சி மட்டும் தாஞ் சொன்னதுக்குத் தாமே வெடுக்குன்னு கையத் தூக்கிட்டாவ. பதினெட்டு வீட்டுச் சனமும் மரியாதையா அந்தப் பக்கம் திரும்பி, பம்ப ரொம்ப நேரம் உத்துப் பாத்துது. கூட்டம் அதோட முடிஞ்சுது.

தகவல் கேட்டு ஜெபக்கனி டீச்சர் கைக்கொழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டே, லீவு முடியறதுக்கு முன்னாலயே வந்து எறங்குனா. கரும்பலகையில இருந்த வெல்வெட்ட அழிச்சா. "நாப்பது நாளு. யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கப்படாது"ன்னா. யாரும் கேக்கல. அந்த நாப்பது நாளு வளவு பட்ட பாட்டச் சொல்லணும்னா இன்னொரு நாளு வேணும். களிமண்ணுக் கையோட சாமி கும்பிட்டாவ, கூழுக் கையோட பஸ்ஸுல கம்பியப் பிடிச்சாவ, கோந்துக் கையோட பேங்குல கையெழுத்துப் போட்டாவ. ஒரு எழவு வீட்டுல மாலை போடப் போன எடத்துல முத்தையா கையில திடீர்னு தவளைக்குட்டி துள்ளி, மாலைய விட்டுட்டுக் கத்திட்டான், செத்தவரு மேல அம்புட்டுப் பாசமான்னு அந்த வீட்டுக்காரவுக இப்பவும் இவனுக்கு மரியாத குடுக்காவ. ஆனா மாத்திச் சொல்லப்படாது, வெல்வெட்டக் கொண்டாந்த சனந்தான் இப்பப் போட்டி போட்டுக்கிட்டு நொங்குத் தோலு, சொரசொரன்னு பலாக்காத் தொலி, மீன் செதிலுன்னு கொண்டாந்து குடுத்துச்சு. அண்ணாச்சி தம்மோட ரப்பர் ஸ்டாம்பு பூராவையும் கொண்டாந்து குடுத்து, "அமுக்கட்டும் டீச்சர், நல்லா அமுக்கட்டும்"னாவ. ஆவுடை பேப்பர் பேப்பரா 'நிராகரிக்கப்பட்டது'ன்னு குத்திக்கிட்டே இருந்தா. பதினெட்டு வீட்டுக்கும் தோளு வலிச்சுது.

முப்பத்தெட்டாம் நாளு, மத்தியானம் பன்னெண்டரை. பால்வாடியில சாம்பார் சோறு. ஆயா தட்ட வச்சுட்டு கரண்டி எடுக்க உள்ள போயிருக்கா.

மாரித்தங்கம் சொளகு முன்னால இருந்தா. கையில சூடா ஒண்ணு பட்டுச்சு. பருக்கை. ஒவ்வொண்ணாத் தெரிஞ்சுது. அஞ்சு வெரலும் தயங்கித் தயங்கிக் கூடுது. பெருவெரலு உள்ள தள்ளுது. ஒரு பருக்கையும் ஒழுகல. கையில சோறு இருந்தா கை எங்க போகும்? தானா மேல எந்திரிச்சுது. நிமிந்து பாத்தா எதுத்த வீட்டுல பிச்சம்மா கை எந்திரிக்கு, முத்தையா கத்திரிக்கோல விட்டுட்டுக் கை எந்திரிக்கு, அண்ணாச்சி கை எந்திரிக்கு, கடைவீதியில காய் வாங்கிக்கிட்டு இருந்தவுக கை எந்திரிக்கு, அங்க கொல்லத்துல அடுப்பு முன்னால சங்கரபாண்டி கை மாவோட எந்திரிக்கு, அத்தன பேரு கையும் ஒரே நேரத்துல அவங்கவங்க வாய்க்குப் போச்சு. போயி, அத்தன பேரும் வெறும் வாய மென்னாவ. சங்கரபாண்டி மட்டும் பச்ச மாவ மென்னான். மொதலாளி, "எந்தா பாண்டி?"ன்னு கேக்கவும், "எம்பொண்ணு சாப்பிடுதா"ன்னு சொல்லிட்டு மறுபடி மென்னானாம்.

மாரித்தங்கம் வாயில பொயலத்தூளு. துப்பிக்கிட்டே ஓடுனா. சேல தட்டுது, செருப்பு ஒண்ணு பம்படியில கெடக்கு, அழுதாளா சிரிச்சாளான்னு யாராலயும் சொல்ல முடியாது. பால்வாடி வாசல்ல போயி நின்னா, ஆவுடை மூக்குல சாம்பாரு, கன்னத்துல பருப்பு, ரெண்டாவது உருண்டைய உருட்டிக்கிட்டு இருக்கா. ஆத்தாளப் பாத்தா. உருண்டைய ஒரு தடவ பாத்தா. குடுப்பான்னு நெனச்சு மாரித்தங்கம் குனிஞ்சு வாயத் தெறந்தா.

கழுத குடுக்கல. தன் வாயிலயே போட்டுக்கிட்டா. மாரித்தங்கத்துக்கு அன்னைக்கு வயிறு நெறஞ்சுது பாரு, ராத்திரி ஒண்ணும் சாப்பிடவே இல்ல.

இப்ப ஆவுடை மேக்க, மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாசு. பரீட்ச வந்துட்டா வளவு பூரா வெரலுல தைலம் தேச்சுக்கிட்டு இருக்கும், கணக்குப் பரீட்சைன்னா ரப்பரு வச்சு அழிச்சு அழிச்சே மணிக்கட்டு விட்டுப் போயிரும். போன வாரம் எவளோ ஒருத்தியோட முடியப் பிடிச்சு இழுத்திருக்கா, எங்களுக்கெல்லாம் கையில சடை. யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா. இந்தா, நீ சிரிக்கே. சிரி. இன்னும் சொல்லுதேன் கேளு, அந்த டீச்சரோட பிள்ள இருக்கான்லா, அவன் போன மாசம்…

இரு. பேசாத.

சொட்டு. உள்ளங்கையில. இன்னொண்ணு. இங்க வெயிலுதான் அடிக்கு, நீ மேல பாக்காத. அவ பள்ளிக்கூடத்துச் சன்னல் வழியா கைய நீட்டிட்டா. நல்ல பெருஞ்சொட்டாத்தான் விழுது. அங்க மழ பிடிச்சா இங்க வந்து சேரக் கால் மணி நேரம். ஏ மவளே செண்பகவல்லி! எட்டி செண்பகம்! மச்சுல காயப்போட்ட கூழ்வத்தலப் பாயோட சுருட்டி உள்ள கொண்டா, ஓடு!